தில்லியில் ஏர் ரைபிள் தொடங்குகிறீர்களா? பெல்லட் அளவு, எண்ணெய், சிலிண்டர், காகிதங்கள்

என் மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுகிறாள். தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. முதல் ஒன்றரை வருடத்தில் நாங்கள் வீணாக்கிய பணத்தையும் சனிக்கிழமைகளையும் நினைத்தால் இன்றும் மனது கேட்பதில்லை. அத்தனையும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் இருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது நிறையப் பிள்ளைகள் துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் போகிறார்கள். மாதம் ஒருவராவது என்னைக் கூப்பிட்டு "எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் ரைபிள் என்று தேடினால், வெடித்த தோட்டாக் கூட்டை எடுத்து, மசகு தடவி, டை என்கிற உலோக அச்சில் வைத்து அளவுக்குச் சுருக்கி, மறுபடி மருந்து நிரப்பும் அமெரிக்க வீடியோக்கள்தான் வரிசையாக வரும். பார்க்க நன்றாக இருக்கும். இங்கே அதை முயலாதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐந்தாம் பிரிவின்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டு மேசையில் செய்கிற காரியம் அல்ல. ஏர் ரைபிளில் அந்த வேலையே கிடையாது. ஆனால் அளவு, மசகு என்ற இரண்டு விஷயங்களும் வேறு உருவத்தில் இங்கேயும் வரும். எங்கள் பணத்தில் பெரும்பகுதி போனது அந்த இரண்டில்தான். அதனால் 4, 5, 6 ஆகிய மூன்று படிகளையும் அவசரமில்லாமல் படியுங்கள்.

1. துப்பாக்கி வாங்காதீர்கள், முதலில் இடம் பிடியுங்கள்

துக்ளகாபாத்தில் இருக்கும் டாக்டர் கர்ணி சிங் ரேஞ்ச் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது. நகரில் தனியார் அகாடமிகளும் ஏராளம். பத்து மீட்டருக்கு ஒரு நீள ஹாலும் நல்ல வெளிச்சமும் போதும் என்பதால் அடித்தளத்தில், மாடியில் என்று எங்கும் நடத்துகிறார்கள்.

குறைந்தது மூன்று மாதம் அகாடமியின் துப்பாக்கியிலேயே சுடட்டும். பிள்ளைக்கு இது பிடிக்கிறதா, ரைபிளா பிஸ்டலா, தோள் எவ்வளவு, கை எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும். என் மகள் மூன்றாம் வாரமே "அப்பா, எனக்கு சொந்த ரைபிள் வேணும்" என்றாள். இரண்டாம் மாதமே வாங்கிக் கொடுத்துவிட்டேன். அவள் ஒரே வருடத்தில் அரை அடி வளர்ந்தாள். ஸ்டாக்கின், அதாவது தோளில் அணைக்கும் பின்கட்டையின், நீளம் கூட்டிக் குறைக்கும் வசதி அந்த மாடலில் போதவில்லை.

அகாடமியைப் பார்க்கப் போகும்போது இவற்றைக் கேளுங்கள்: மாதக் கட்டணத்தில் பெல்லட் (ஏர் ரைபிளின் ஈயக் குண்டு) சேர்த்தியா தனியா, காற்று நிரப்பும் வசதி உள்ளே இருக்கிறதா, எலெக்ட்ரானிக் டார்கெட்டா காகிதமா, ஒரு லேனுக்கு எத்தனை பிள்ளைகள், கோச் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைப் பார்க்கிறார். கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் வராத இடம் வேண்டாம். மே, ஜூனில் பள்ளி விடுமுறைக் கூட்டம் நெரியும். ஜூலை இரண்டாம் வாரத்துக்கு மேல் சேர்ந்தால் கோச்சின் கவனம் கிடைக்கும்.

2. காகிதங்கள்: ஒரே ஃபைலில், ஆறு செட்

சேரும்போது எங்களிடம் கேட்டவை: பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளியிலிருந்து போனஃபைடு, பெற்றோர் ஒருவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவு போட்டோ, பெற்றோர் சம்மதக் கடிதம். போட்டிக்குப் போக ஆரம்பித்ததும் மாநில சங்கத்தின் உறுப்பினர் அட்டையும், தேசிய ரைபிள் சங்கம் கொடுக்கும் ஷூட்டர் அடையாள எண்ணும் சேரும்.

மாட்டிக்கொள்ளும் இடம் பெயர்தான். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால், இன்னொரு இடத்தில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருக்கும். வடக்கே 'சர்நேம்' என்ற கட்டத்தை நிரப்பியே ஆகவேண்டும். பள்ளி ரெக்கார்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்ததால், என் மகளின் முதல் போட்டிப் பதிவு கடைசி நாளுக்கு முந்தின நாள் திரும்பி வந்தது. பதிவு தொடங்கும் முன்பே ஆதாரையும் பள்ளிப் பெயரையும் ஒன்றாக்கிவிடுங்கள். பிறந்த தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள், வயதுப் பிரிவு அதை வைத்துத்தான்.

எந்த மாநிலத்துக்காகச் சுடப்போகிறாள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஊரில் தாத்தா வீட்டு முகவரியில் ஆதார் இருக்கிறது, படிப்பு தில்லியில் என்றால், எந்தச் சங்கத்தில் பதிவது என்ற கேள்வி கட்டாயம் வரும். சங்க அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டு அப்புறம் படிவத்தை நிரப்புங்கள்.

3. ரைபிள் வாங்கும்போது

ஆயுத விதிகள் 2016இன்படி, 4.5 மி.மீ. துளைக்கு மேற்போகாமலும் 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைபிள் இதற்குள் நன்றாக அடங்கும்: அரை கிராமை ஒட்டிய பெல்லட், விநாடிக்கு 170 மீட்டர் வேகம், ஏழரை ஜூல் அளவு ஆற்றல். உரிமம் வேண்டாம் என்பதால் காகிதமே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுங்கள், துப்பாக்கியின் சீரியல் எண் எழுதிய பில்லை வாங்குங்கள். பழைய துப்பாக்கியானாலும் விற்பவரின் மூல பில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

விலை, எங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து: புதிய ஜெர்மன் போட்டி ரைபிள் இரண்டரை லட்சத்துக்கு மேல் கேட்டார்கள். நாங்கள் வாங்கிய பழையது ஒன்றரை லட்சத்தை ஒட்டி. சுடும்போது போடும் கனத்த ஜாக்கெட்டும் பேண்டும் இங்கேயே அளவெடுத்துத் தைத்தது முப்பத்தைந்தாயிரம், ஷூ பத்தாயிரம். விலை ஏறி இறங்கும், ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். துணியை மட்டும் வளரும் பிள்ளைக்குப் பழையதாக வாங்கலாம். ஆனால் ஜாக்கெட் துணியின் கனம் ஒரு மடிப்புக்கு 2.5 மி.மீ. தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. போட்டியில் கருவி வைத்து அளந்து பார்ப்பார்கள். ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

பழைய ரைபிளில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பேரலை (குழலை) அல்ல, காற்று அடைக்கும் சிலிண்டரை. அதைப் பற்றி ஆறாவது படியில்.

4. பெல்லட் அளவு: இங்கேதான் புள்ளி இருக்கிறது

பெல்லட் என்பது இடுப்பு ஒடுங்கிய ஒரு சின்ன ஈயத் துண்டு. தட்டையான தலை, பின்னால் விரிந்த மெல்லிய ஓரம். அந்த ஓரத்தை ஸ்கர்ட் என்பார்கள். தலை பேரலின் வரிப்பள்ளங்களில் நேராக நிற்க வேண்டும், ஸ்கர்ட் காற்று கசியாமல் அடைக்க வேண்டும். எல்லாமே 4.5 மி.மீ. என்று பொதுவாகச் சொன்னாலும், போட்டிப் பெல்லட் டின்னின் லேபிளில் 4.49, 4.50, 4.51, 4.52 என்று தலையின் அளவு தனியாக ஒட்டியிருக்கும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வித்தியாசம்.

"இதெல்லாம் சாம்பியன்களுக்கு, நம் பிள்ளைக்கு எதற்கு" என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு கணக்கு என் எண்ணத்தை மாற்றியது. பத்து மீட்டர் ரைபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டால் பத்து. அதாவது பெல்லட்டின் மையம், டார்கெட் மையத்திலிருந்து இரண்டரை மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். அதற்குள்ளே ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் ஒரு தசமம்: 10.0, 10.1, என்று 10.9 வரை. போட்டியில் 60 குண்டு. பேரலுக்குப் பொருந்தாத பெல்லட் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் விலக்கிவிட்டால் குண்டுக்கு 0.1 போகிறது, மொத்தத்தில் 6 புள்ளி. மாநிலப் போட்டியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள், 6 புள்ளிக்குள் எத்தனை பெயர் இருக்கிறது என்று தெரியும். பிள்ளை ஆறு மாதம் வேர்த்து ஏற்றுகிற புள்ளியை ஒரு தவறான டின் தின்றுவிடும்.

எந்த அளவு சரி என்று யாராலும் வாயால் சொல்ல முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த சீரியல் எண் கொண்ட இரண்டு ரைபிள்கள் வேறு வேறு பெல்லட்டைக் கேட்கும். "என் பொண்ணு 4.50 தான் சுடுறா" என்று பக்கத்து லேன் அம்மா சொன்னதை நம்பி நான் பத்து டின் வாங்கினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். டெஸ்ட் செய்யுங்கள்.

டெஸ்ட் செய்யும் விதம்:

ரைபிளை வைஸில், அதாவது அசையாமல் பிடிக்கும் இறுக்கியில், இறுக்க வேண்டும். கையால் சுட்டுப் பார்த்தால் தெரிவது பிள்ளையின் அன்றைய மனநிலைதான். பெரிய ரேஞ்சுகளிலும் சில டீலர்களிடமும் வைஸ் இருக்கும். கோச்சிடம் சொல்லி ஒரு வார நாள் காலையில் நேரம் வாங்குங்கள். மூன்று மணி நேரம் ஆகும்.

முந்தின நாள் பேரலைச் சுத்தம் செய்துவிட்டு, டெஸ்ட் அன்று முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் எடுக்காமல் சுட்டுத் தள்ளுங்கள். சுத்தம் செய்த பேரல் ஈயம் லேசாகப் படியும் வரை நிலைக்கு வராது. பெல்லட் வகை மாற்றும்போதும் ஐந்து குண்டு இப்படித் தள்ளிவிடுங்கள்.

ஆறு அல்லது எட்டு வகை சாம்பிள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டபிள்யூஎஸ் ஆர் 10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி, க்யூஒய்எஸ் ஆகியவை இங்கே கிடைக்கின்றன. ரைபிளுக்கு 0.53 கிராம் எடையை ஒட்டியதைப் பாருங்கள், அதைவிட லேசானது பொதுவாகப் பிஸ்டலுக்கு. கடையில் டின் ஒரே மாதிரி தெரியும், எங்களுக்கு ஒரு முறை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு வகையிலும் பத்துக் குண்டு கொண்ட குரூப் மூன்று. ஒரு குரூப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதிர்ஷ்டத்தில் ஒன்று நன்றாக வந்துவிடும்.

காகிதத்தில் விழுந்த துளையை வெர்னியர் அளவுகோலால் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து, 4.5ஐக் கழியுங்கள். மீதி வருவதுதான் உண்மையான சிதறல். வெளி அளவு ஐந்தரை மில்லிமீட்டருக்குள், மூன்று குரூப்பும் ஒரே மாதிரி வந்தால் அந்தப் பெல்லட்டை விடாதீர்கள். எங்கள் ரைபிளுக்கு நான் பத்து டின் வாங்கி வைத்திருந்த 4.50 ஆறரை மில்லிமீட்டருக்குப் போனது. அதே கம்பெனியின் 4.49, ஒரே துளையில் பத்தும் நுழைந்த மாதிரி வட்டமாக விழுந்தது. அந்தக் காகிதத்தை என் மகள் படிப்பு மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள்.

கிடைத்ததும் டின்னின் லாட் எண்ணை (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் எண்) போட்டோ எடுத்துக்கொண்டு அன்றே கடைக்குப் போங்கள். லாட் மாறினால் அதே 4.49 கூட வேறு மாதிரி நடக்கும். ஒரு போட்டிக்கு 60 குண்டு, அதற்கு முன் குறியைச் சரிசெய்யும் சைட்டிங்குக்கு இருபது முப்பது. 500 கொண்ட டின் ஐந்து போட்டிக்கு வரும். டெஸ்டில் தேறிய லாட்டில் நான்கு டின் எடுத்துப் போட்டிக்கு மட்டும் ஒதுக்குங்கள். தினப் பயிற்சிக்கு அதே எடையில் விலை குறைந்தது போதும். வாரம் ஐந்து நாள், நாளுக்கு நூறு குண்டு என்றால் மாதம் நான்கு டின் செலவாகும். போட்டி டின் எங்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே விழுந்தது, பயிற்சி டின் அதில் பாதியை ஒட்டி.

5. அளவு மாற்றும் டை வேண்டாம், டின்னைக் குலுக்க வேண்டாம்

பத்து டின் மிஞ்சிப் போனதே என்ற வருத்தத்தில் நான் பெல்லட் சைசர் ஒன்றை வரவழைத்தேன். ஒரு சின்ன டை. பெல்லட்டை அதில் வைத்து ஒரு குச்சியால் தள்ளினால் குறிப்பிட்ட அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். தோட்டாக் கூட்டுக்குச் செய்வதன் தம்பி மாதிரி. இரண்டு இரவு உட்கார்ந்து இருநூறு பெல்லட்டைத் தள்ளினேன்.

வைஸில் வைத்துச் சுட்டபோது குரூப் முன்பைவிட விரிந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்ததும் காரணம் தெரிந்தது. டை வழியே போகும்போது தலையோடு ஸ்கர்ட்டும் சுருங்கிவிடுகிறது. பேரலில் அது காற்றை முழுதாக அடைக்கவில்லை. சில பெல்லட் சற்றே சாய்ந்து நுழைந்ததால் தலையின் ஒரு பக்கம் வழிக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையே நூறில் ஒரு பங்கு கணக்கில் பிரித்துக் கொடுக்கும்போது வீட்டில் இதைச் செய்வதில் பிரயோசனம் இல்லை. பொருந்தாத டின்னைப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுங்கள், அல்லது அந்த அளவு பொருந்துகிற இன்னொரு பிள்ளையோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்கர்ட் காகிதம்போல மெல்லியது. பாதி தீர்ந்த டின் பைக்குள் கிடந்து, எம்.பி. ரோடு பள்ளங்களில் ஆட்டோ குதிக்கும்போதெல்லாம் உள்ளே சலசலவென்று உருளும். வீட்டுக்கு வந்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள், பத்தில் ஒன்றுக்காவது ஓரம் நசுங்கியிருக்கும். மூடிக்கும் பெல்லட்டுக்கும் நடுவில் ஒரு வட்ட ஸ்பாஞ்ச் வெட்டி வையுங்கள். போட்டிக்கு முந்தின இரவு நூறு பெல்லட்டைப் பொறுக்கித் தனிப் பெட்டியில் அடுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். பொறுக்குவது என் மனைவி, அவர் கண்ணுக்குத் தப்புவதில்லை.

ஈயம் என்பதை மறக்காதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு இருக்கிறது, பார்த்தால் உடனே நிறுத்துங்கள். ஆகஸ்ட் மாத ஈரத்தில் பெல்லட்டின் மேல் வெள்ளைப் பொடி பூத்தால் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், அந்த டின்னையே ஒதுக்கிவிடுங்கள்.

6. எண்ணெய்: எங்கே, எவ்வளவு, எங்கே கூடவே கூடாது

வாங்கிய புதிதில் ஒரு கடைக்காரர் "வாரம் ஒரு சொட்டு பேரலில் விடுங்கள், மழமழவென்று போகும்" என்றார். தையல் மிஷின் எண்ணெயை நான் மூன்று வாரம் விட்டேன். மகளின் ஸ்கோர் இறங்கிக்கொண்டே போனது. கோச் அவளுடைய நிற்கும் நிலையை மாற்றினார், டிரிகரை மாற்றினார், அவள் அழுதாள்.

கடைசியில் கண்டுபிடித்தவர் ரேஞ்சில் பார்த்துப் பழகிய ஒரு ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார், திருநெல்வேலிக்காரர். ரைபிளை வாங்கி, பேரல் துடைக்கும் கம்பளித் துண்டான ஃபெல்ட் பெல்லட் ஒன்றைப் பேரலுக்குள் விட்டுத் தள்ளி எடுத்தார். வெள்ளையாகப் போனது தேன் நிறத்தில் வெளியே வந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதுல எண்ணெய் விட்டியளோ?"

"ஆமாண்ணே, வாரம் ஒரு சொட்டு."

"பிள்ளையப் போட்டு வாட்டிட்டியளே" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவரே உட்கார்ந்து, உலர்ந்த ஃபெல்ட்டாக ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு விட்டார். கடைசி இரண்டும் சாம்பல் நிறத்தில் மட்டும் வந்தன. அது ஈயம், இருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறமும் நூறு குண்டு போன பிறகுதான் குரூப் ஒழுங்குக்கு வந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பேரலுக்கு எண்ணெய் வேண்டாம். பயிற்சியின் அளவைப் பொறுத்து ஐந்நூறு குண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று உலர் ஃபெல்ட் போதும். பின்புறத்திலிருந்து முன்புறமாக மட்டும் தள்ளுங்கள். பித்தளை பிரஷ் கூடாது. போட்டிக்கு முந்தின நாள் சுத்தம் செய்யாதீர்கள், இரண்டு மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். பெல்லட்டின் மேலும் எதுவும் தடவாதீர்கள், கழுவாதீர்கள். டின்னிலிருந்து எடுத்தபடியே சுடுங்கள்.

வெளியே தெரியும் இரும்புப் பாகங்களை வியர்வைக் கையால் தொட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே மட்டும் துணியில் ஒரு சொட்டு துப்பாக்கி எண்ணெய் எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

காற்று போகும் பாதை வேறு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. சிலிண்டர் திருகும் இடத்திலும் அதை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கிலும் தேங்காய் எண்ணெய், மிஷின் எண்ணெய், வாஸ்லைன் எதுவும் படக்கூடாது. 200 பார் அழுத்தத்தில் எண்ணெயும் காற்றும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. உற்பத்தியாளர் சொல்லும் சிலிகான் கிரீஸ், அதுவும் விரல் நுனியில் மினுமினுப்புத் தெரிகிற அளவு, ஓ-ரிங் மாற்றும்போது மட்டும். ஆஸ்பத்திரி ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து ரைபிளோடு கிளம்பிவிடுங்கள். ஆக்ஸிஜன் நிரப்பினால் வெடிக்கும். சாதாரணக் காற்று, உலர்ந்த காற்று, அவ்வளவுதான்.

மெதுவாக நிரப்புங்கள். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி மீட்டர் 200 காட்டும், ஆறியதும் இறங்கிவிடும். மே மாதத்தில் நிறைந்த சிலிண்டரைப் பூட்டிய காரில் விடவே விடாதீர்கள். 25 டிகிரியில் 200 பார் என்று நிரப்பியது, 65 டிகிரி சூட்டில் 227ஐத் தொடும்.

அடுத்து சிலிண்டரின் வயது. ஜெர்மன் கம்பெனிகள் தங்கள் சிலிண்டருக்குக் கொடுக்கும் ஆயுள் பத்து வருடம். தயாரித்த மாதமும் வருடமும் உலோகத்திலேயே பொறித்திருக்கும். டார்ச் அடித்து, சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். ஆயுள் முடிந்த சிலிண்டரோடு வராமல் இருப்பது ஷூட்டரின் பொறுப்பு என்று சர்வதேச விதி சொல்கிறது, போட்டிக்கு முன் உபகரணப் பரிசோதனையில் பார்க்கவும் செய்வார்கள். நாங்கள் வாங்கிய பழைய ரைபிளின் சிலிண்டருக்கு ஐந்து மாதமே மிச்சமிருந்தது. விற்றவரும் சொல்லவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியவில்லை. புதியதற்கு இருபத்தெட்டாயிரம் ஆனது, அது வந்து சேர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் மகள் அகாடமி துப்பாக்கியில் சுட்டாள். பழைய ரைபிள் பேரம் பேசும்போது சிலிண்டருக்கு எத்தனை வருடம் மிச்சம் என்று கேட்டு, அந்தப் பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

7. தில்லியில் எடுத்துப் போவது

மெட்ரோவில் ஆயுதங்களுக்குத் தடை இருக்கிறது, எல்லா நிலையத்திலும் ஸ்கேனர். வயலட் லைனில் போய் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். நாங்கள் முனிர்காவிலிருந்து காரில் போவோம், இல்லையென்றால் டாக்ஸி. பல ரேஞ்சுகளில் லாக்கர் உண்டு, வாடகை கொடுத்தாலும் போக்குவரத்துச் செலவில் அது மிச்சம்தான்.

பெட்டி பூட்டியிருக்கட்டும். உள்ளே ரைபிளில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு செருகியிருக்கட்டும். பில் நகல், பிள்ளையின் ஷூட்டர் அட்டை, அகாடமி கடிதம் மூன்றும் பெட்டியின் மேல் உறையில். ஜனவரி 26க்கும் ஆகஸ்ட் 15க்கும் முந்தின வாரங்களில் நகரம் முழுக்கச் சோதனை. அந்த நாட்களில் ரைபிளை ரேஞ்ச் லாக்கரிலேயே விட்டுவிடுவது நல்லது.

விமானத்தில் போட்டிக்குப் போனால் சிலிண்டரைக் கழற்றி முழுதாகக் காலி செய்து, செக்-இன் சாமானில் அறிவித்துத்தான் அனுப்ப வேண்டும். டிக்கெட் எடுத்த அன்றே விமான நிறுவனத்துக்கு எழுதிப் பதிலை அச்செடுத்து வையுங்கள். கவுண்ட்டருக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

8. வீட்டில்

பால்கனியில் டார்கெட் வைத்துச் சுடாதீர்கள், ஒரு குண்டு கூட வேண்டாம். தட்டையான பெல்லட் கூட கான்கிரீட்டில் பட்டுத் திரும்பும். வீட்டுப் பயிற்சிக்கு டிரை ஃபயர் போதும். இப்போதைய போட்டி ரைபிள்களில் காற்று செலவாகாமல் டிரிகரை மட்டும் இயக்கும் வசதி இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று தினம் இருபது நிமிடம். காசு செலவில்லாத பயிற்சி இது, எங்கள் மகளுக்கு அதிகப் பலன் கொடுத்ததும் இதுதான்.

துப்பாக்கி இருப்பது தெரிந்ததும், மாடியில் குரங்கு வருகிறது, புறா தொல்லை, "ஒரு தடவை அடிச்சு விரட்டுங்களேன்" என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தவிர, பிள்ளைக்கு அந்த ரைபிள் எதற்கு என்பது தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ரைபிள் ஒரு அலமாரியில், பெல்லட் வேறு அலமாரியில், இரண்டு சாவியும் பெரியவர்களிடம்.

9. முதல் வருடத்துக்கு நாள் கணக்கு

ஜூலையில் சேர்ந்தால் அக்டோபர் வரை அகாடமி ரைபிள். அந்த மாதங்களிலேயே பெயர்த் திருத்தம், சங்கப் பதிவு இரண்டையும் முடித்துவிடுங்கள். நவம்பர் வாக்கில் துணியும் ஷூவும். தைத்து வர ஐந்தாறு வாரம் எடுக்கும், தீபாவளி நேரம் என்றால் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜனவரியில் ரைபிள் தேடத் தொடங்குங்கள். தேசியப் போட்டி ஆண்டுக் கடைசியில் முடிந்ததும் பெரிய பிள்ளைகள் பழையதை விற்றுப் புதிது வாங்குவார்கள், அப்போது நல்ல ரைபிள் கைக்கு வரும். வாங்கிய முதல் வாரம் உலர் ஃபெல்ட் போட்டுச் சுத்தம், இரண்டாம் வாரம் வைஸில் பெல்லட் டெஸ்ட், அன்றே லாட் எண்ணோடு கடைக்கு.

டெஸ்ட் காகிதங்களின் பின்னால் தேதி, ரைபிள் சீரியல் எண், பெல்லட் அளவு, லாட் எண் நான்கையும் எழுதி ஃபைலில் சேருங்கள். அடுத்த லாட் வாங்கும்போது பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வேண்டியிருக்கும்.

ஆறரை மில்லிமீட்டர் போன என் பத்து டின்னில் இன்னும் மூன்று மிச்சம். தலை அளவு 4.50. உங்கள் ரைபிளுக்கு அது பொருந்தினால் கேளுங்கள், ரேஞ்சில் சனிக்கிழமை காலை நாங்கள் இருப்போம்.